டான்யூப் கரையில் இருவராக சைக்கிள் பயணம்: விசா முதல் கூடாரம் வரை

ஜெர்மனியின் டோனாவேஷிங்கனிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை டான்யூப் நதியை ஒட்டி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். தொடக்கம் கடல்மட்டத்திலிருந்து 680 மீட்டர் உயரத்தில், முடிவு 100 மீட்டர் உயரத்தில். சில ஏற்றங்கள் தவிரப் பாதை பொதுவாக மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், அதுவும் முதுகுப் பக்கம். ஐரோப்பாவில் முதல் முறையாகக் கூடாரம் கட்டி சைக்கிளில் போக நினைக்கும் தம்பதிகளுக்கு இதைவிட நல்ல தடம் எங்களுக்குத் தெரியாது.

மிதிப்பது எவருக்கும் பெரும் சிரமமாக இருப்பதில்லை. சிக்க வைப்பவை விசா, ரயிலில் சைக்கிள் ஏற்றுவது, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, பொருந்தாத உதிரிபாகம் ஆகியவைதான். இருவராகப் போகும்போது இன்னொன்றும் சேரும்: எதைப் பொதுவாக வைத்துக்கொள்வது, எதை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வது என்ற கேள்வி. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களை மனத்தில் வைத்து, செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறோம்.

1. முதலில் நாள்கணக்கு

சுமையோடு போகும் புதியவர்களுக்கு ஒரு நாளைக்கு 55 கிலோமீட்டர் நியாயமான அளவு. இணையத்தில் 90, 100 என்று எழுதுகிறவர்களைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். கூடாரம் பிரிக்க, சமைக்க, காயவைக்க, கடை தேட என்று தினமும் நான்கு மணி நேரம் போய்விடும்.

1,200ஐ 55ஆல் வகுத்தால் மிதிக்கும் நாள்கள் 22. ஐந்தாறு நாளுக்கு ஒரு ஓய்வு நாள், வந்து சேரவும் கிளம்பவும் சில நாள்கள் என்று கூட்டினால் 28 இரவுகள் வரும். நாடுவாரியாகப் பிரித்தால் ஜெர்மனி 14, ஆஸ்திரியா 8, ஸ்லோவாக்கியா 1, ஹங்கேரி 5. இந்தப் பிரிவினையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்தத் தூதரகத்துக்கு விண்ணப்பிப்பது என்பதை இதுதான் முடிவு செய்யும்.

காலம்: மே நடுவிலிருந்து ஜூன் முடிய, அல்லது ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய. ஜூலை, ஆகஸ்டில் ஜெர்மன் எல்லை ஊரான பாசாவ் முதல் வியன்னா வரையிலான தடத்தில் கூட்டம் நெரியும், பிற்பகல் இடிமழையும் அடிக்கடி வரும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பல முகாம்கள் பூட்டியிருக்கும், படகுச் சேவையும் குறைந்திருக்கும்.

2. ஷெங்கன் விசா

இந்த நான்கு நாடுகளுக்கும் ஷெங்கன் என்ற பொது விசா ஒன்று போதும். இருவரும் தம்பதி என்றாலும் விண்ணப்பம், கட்டணம், காப்பீடு, ஆவணக் கட்டு எல்லாம் தனித்தனி. எல்லாவற்றிலும் இரண்டு படிகள் எடுங்கள்.

அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மேலே உள்ள கணக்குப்படி அது ஜெர்மனி. நேரம் போதாது என்று பாசாவிலிருந்து தொடங்கினால் ஆஸ்திரியா முதலிடத்துக்கு வந்துவிடும், விண்ணப்பமும் அங்கே போக வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. நேர்காணல் தேதி கிடைத்த பிறகு பாதையை மாற்றினால் இந்தக் கணக்கு கவிழும். அதனால் பாதையை உறுதி செய்துவிட்டே தேதி எடுங்கள்.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை இழுக்கலாம். கோடைக்கு முந்தைய மாதங்களில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு. மே மாதப் பயணம் என்றால் ஜனவரியிலேயே தேதி தேடத் தொடங்குங்கள்.

கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக, ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், திருமணப் பதிவுச் சான்றிதழ் ஆகியவை அடிப்படை. சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. ஒருவருக்கு மட்டும் வருமானம் என்றால், செலவை ஏற்பதாக அவர் எழுதிய கடிதமும் கூட்டுக் கணக்கு அறிக்கையும் மற்றவரின் கட்டில் இருக்க வேண்டும். பலரும் இதை ஒருவர் கட்டில் மட்டும் வைத்துவிடுகிறார்கள். இரண்டு கட்டுகளும் பிரிந்து வேறு வேறு மேசைக்குப் போகக்கூடும் என்பதை மறக்காதீர்கள்.

சைக்கிள் பயணிகளுக்கே உரிய சிக்கல், தங்குமிடச் சான்று. பல முகாம்கள் சிறு கூடாரங்களுக்கு முன்பதிவே எடுக்காது, வந்தால் இடம் தருவார்கள். ஆனால் தூதரகம் ஒவ்வொரு இரவுக்கும் சான்று கேட்கும். செய்யவேண்டியது இதுதான்:

- முதல் இரண்டு இரவுகள், உல்ம், ரேகன்ஸ்பூர்க், பாசாவ், வியன்னா, புடாபெஸ்ட் ஆகிய ஊர்களுக்குக் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய விடுதி முன்பதிவு, இருவர் பெயரும் தெரியும்படி.
- முன்பதிவு எடுக்கும் முகாம்களிடமிருந்து மின்னஞ்சல் உறுதி.
- மீதி இரவுகளுக்கு நாள்வாரி அட்டவணை: தேதி, கிளம்பும் ஊர், சேரும் ஊர், தூரம், முகாமின் பெயரும் முகவரியும்.
- சைக்கிள் பயணம் என்பதை விளக்கும் ஒரு பக்கக் கடிதம், வரைபடத்தோடு.

முகவர்கள் காசு வாங்கிக்கொண்டு செய்துதரும் போலி முன்பதிவு வேண்டாம். அது கண்டுபிடிக்கப்பட்டால் இந்த விசா மட்டும் போவதில்லை, அடுத்தடுத்த விண்ணப்பங்களும் அடிபடும்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவு உட்பட இருக்க வேண்டும். அதோடு விதிவிலக்குப் பட்டியலைப் படியுங்கள். சில காப்பீடுகள் பல நாள் சைக்கிள் பயணத்தைச் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடும். சைக்கிள் பயணம் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு, அவர்கள் எழுத்தில் தரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

28 நாள் திட்டத்துக்கு 35 நாள் கேளுங்கள். விடுப்புக் கடிதமும் காப்பீடும் அதே 35 நாளைக் காட்ட வேண்டும். விசா வந்ததும் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: செல்லுபடியாகும் தேதிகள், தங்க அனுமதித்த நாள்கள். தேதிகள் 50 நாள் விரிந்திருந்தாலும் தங்கும் நாள் 35 என்று இருந்தால் 35தான். வந்த நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் படமும் எடுத்து, நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறை நடைமுறைக்கு வரத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

புடாபெஸ்டுக்குப் பிறகு செர்பியாவுக்குள் இறங்க ஆசையா? செர்பியா ஷெங்கனில் இல்லை. ஒருமுறை நுழைவு விசாவோடு அங்கே போனால் திரும்பி உள்ளே வர முடியாது.

3. சைக்கிள்: கொண்டுபோவதா, அங்கே வாங்குவதா?

நான்கு வாரத்துக்கு வாடகை கட்டுப்படியாகாது. பாசாவ்–வியன்னா மட்டும் ஒரு வாரம் போகிறவர்களுக்கு ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விடும் வாடகை வசதி அருமையானது. முழுத் தடத்துக்கு எங்கள் பரிந்துரை, உடம்புக்குப் பழகிய சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதுதான்.

இங்கேதான் இருவர் என்ற கணக்கு பலன் தரும். இரண்டு சைக்கிள்களும் ஒரே டயர் அளவு, ஒரே வால்வு, ஒரே பிரேக் பேட், ஒரே செயின் வகையாக இருக்கட்டும். அப்படியென்றால் ஒரு செட் உதிரிபாகம் இருவருக்கும் போதும். ஒன்று 26 அங்குலம், மற்றொன்று 28 என்றால் டியூப், டயர் எல்லாம் இரட்டிப்பாகும். 622 மில்லிமீட்டர் விளிம்பு கொண்ட, பேச்சுவழக்கில் 28 அங்குலம் அல்லது 700சி எனப்படும் சக்கரத்துக்கு டயர் ஐரோப்பாவின் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். அகலம் 38 முதல் 42 மில்லிமீட்டர். தடத்தின் தொடக்கப் பகுதியில் பியூரான் பக்கம் சரளைப் பாதை உண்டு, 32க்குக் கீழே போகாதீர்கள்.

அங்கே பழைய சைக்கிள் வாங்குவதானால் விற்பவரிடம் எழுதி வாங்குங்கள்: சட்டக எண், விலை, தேதி, கையெழுத்து. ஜெர்மன் நகர சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும், பழகாதவர்களை அது கவிழ்த்துவிடும். கைப்பிடி பிரேக்கிலும் அங்கே இடதுகைதான் பொதுவாக முன் சக்கரம். ஓட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

இருவருக்கும் பொதுவான உதிரிபாகப் பை:

- டியூப் 3, பங்க்சர் ஒட்டும் பெட்டி, டயர் லீவர் 3, அழுத்தமானி உள்ள பம்பு
- மடக்கக்கூடிய டயர் 1
- பிரேக் பேட் 2 ஜோடி, பிரேக் கேபிள் 1, கியர் கேபிள் 1
- செயின் இணைப்பு 2, செயின் கழற்றி, செயின் எண்ணெய்
- பின் சக்கரத்தின் கியர் பக்க ஸ்போக் 3, கேசட் எனும் பின் பற்சக்கரத் தொகுதியைக் கழற்றும் கருவி
- ஐந்து மில்லிமீட்டர் போல்ட் 6, கேபிள் டை 15, துணி ஒட்டுநாடா
- கியர் தொங்கியை (டெரெய்லர்) சட்டகத்தோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டு, ஆளுக்கு ஒன்று

கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். விமானப் பெட்டியில் சைக்கிள் சாய்ந்தாலே அது வளைந்துவிடும். சட்டகத்துக்குச் சட்டகம் வடிவம் மாறுவதால் ஜெர்மனியில் எந்தக் கடையிலும் உங்களுடையது இருக்காது. ஸ்போக் உடைந்தால் பெரும்பாலும் பின் சக்கரத்தின் கியர் பக்கத்தில்தான் உடையும், கேசட்டைக் கழற்றாமல் புதிய ஸ்போக் நுழையாது.

அடுத்து அதிகம் கெடுவது கேரியர் போல்ட். சுமையின் அதிர்வில் தளர்ந்து, தளர்ந்த பின் வெட்டுப்படும். பூட்டும்போது மரைப்பூட்டுப் பசை ஒரு துளி இடுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

பிரேக் இரண்டு, மணி, முன் வெள்ளை விளக்கு, பின் சிவப்பு விளக்கு, பிரதிபலிப்பான்கள் ஜெர்மனியில் சட்டப்படி கட்டாயம். ஹங்கேரியில் ஊருக்கு வெளியே இருட்டிலும் மங்கலான வெளிச்சத்திலும் பிரதிபலிக்கும் மேலாடை கட்டாயம். ஸ்லோவாக்கியாவில் ஊருக்கு வெளியே தலைக்கவசம் வேண்டும். தலைக்கவசத்தை எல்லா நாட்டிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

4. விமானத்தில் ஏற்றுவது

பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அந்த நிறுவனத்தின் சைக்கிள் விதியைப் படியுங்கள். சில நிறுவனங்கள் வழக்கமான எடை வரம்புக்குள் சேர்த்துக்கொள்ளும், சில நிறுவனங்கள் ஒரு வழிக்கு 60 முதல் 150 யூரோ வரை தனியே வாங்கும். பெட்டியின் நீள அகல உயரக் கூட்டுத்தொகைக்கு வரம்பு உண்டு. இணைப்பு விமானத்தில் இரண்டாவது நிறுவனத்தின் விதி வேறாக இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். முன்பதிவு செய்து, உறுதிக் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

அட்டைப்பெட்டி சைக்கிள் கடைகளில் இலவசமாகவோ சிறு தொகைக்கோ கிடைக்கும். பெடல்களைக் கழற்றுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். ஹேண்டில்பாரைத் திருப்பிச் சட்டகத்தோடு கட்டுங்கள், முன் சக்கரம் கழற்றிய இடத்தில் கவட்டை நசுங்காமல் குச்சி வையுங்கள், காற்றைப் பாதி இறக்குங்கள். கியர் தொங்கியைக் கழற்றி உட்பக்கமாகக் கட்டிவிடுவது நல்லது.

எரிவாயு உருளை எந்தப் பையிலும் கூடாது. அடுப்பைத் துளி வாசனை இல்லாமல் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். பவர் பேங்க் கைப்பையில், 100 வாட் மணிக்குள். மின்சைக்கிள் பேட்டரிகள் 160 வாட் மணியைத் தாண்டிவிடும், பயணிகள் விமானத்தில் ஏறாது.

விலையுயர்ந்த சைக்கிள் என்றால் கிளம்பும் நாளில் இந்திய விமான நிலையச் சுங்கத்திடம் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். சட்டக எண்ணும் வாங்கிய ரசீதும் காட்ட வேண்டும், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். இது இல்லாவிட்டால் திரும்பும்போது அங்கே வாங்கிய பொருள் என்று வரி கேட்க இடமுண்டு.

5. சமையல் பொருளில் எது எல்லை தாண்டும்?

இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிப்பட்ட பையில் கொண்டுவரத் தடை. நெய், பால்பவுடர், பால்கோவா, தயிரில் ஊறிய மோர் மிளகாய் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரநலச் சான்று கேட்பார்கள், விட்டுவிடுங்கள். பருப்புப்பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி ஆகியவற்றைத் தொழிற்சாலை முத்திரையும் பெயரும் உள்ள பொட்டலங்களாக எடுங்கள். பெயரில்லாத பொடிப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள்.

அரிசி, சிவப்பு மசூர் பருப்பு, டின் கொண்டைக்கடலை, தயிர், தக்காளி எல்லாம் லிடில், ஆல்டி, ரேவே போன்ற கடைகளில் கிடைக்கும். ஆல்டிக்கு ஆஸ்திரியாவில் ஹோஃபர் என்று பெயர். துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் வேக நேரமாகும், மசூர் 15 நிமிடத்தில் வெந்துவிடும். அரிசியை 20 நிமிடம் ஊறவைத்தால் எரிவாயு மிச்சம்.

எரிவாயு உருளையில் திருகு மரை உள்ளது ஒரு வகை, பிரான்சில் பரவலாக உள்ள சொருகும் கேம்பிங்காஸ் இன்னொரு வகை. ஒன்று மற்றதில் பொருந்தாது. திருகு வகைக்கான அடுப்பே இந்தத் தடத்துக்கு ஏற்றது, டெகத்லான் கடைகளில் உருளை கிடைக்கும். காலையும் மாலையும் இருவருக்குச் சமைத்தால் 230 கிராம் உருளை ஐந்தாறு நாள் வரும்.

6. கூடாரமும் படுக்கையும்

இருவர் கூடாரம் என்று விற்பதில் இரண்டு உடல்கள்தான் அடங்கும். மழை நாளில் இருவரின் பைகளையும் உள்ளே வைக்க மூவர் கூடாரம் வாங்குங்கள், எடை 3.5 கிலோவுக்குள். முன்னால் நனையாமல் சமைக்கக் கூரை நீட்டம் இருக்கட்டும். மே இரவில் வெப்பம் 5 டிகிரி வரை இறங்கும். உறங்குபையின் சௌகரிய அளவு 5 டிகிரி என்று இருக்க வேண்டும், உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எல்லை அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். தரைவிரிப்பின் காப்பு மதிப்பு 3க்கு மேல்.

சுமைப் பங்கீட்டில் சமத்துவம் பார்க்க வேண்டாம். இருவரும் ஒரே வேகத்தில் போவதுதான் நோக்கம். வேகமாக மிதிப்பவர் கூடாரம், கருவி, சமையல் பாத்திரம் எல்லாம் ஏற்றட்டும், மெதுவாகப் போகிறவர் உறங்குபை, துணி, உணவு என்று இலகுவானதை எடுக்கட்டும். முதல் மூன்று நாளுக்குள் வேகம் பார்த்துச் சுமையை மாற்றிக்கொண்டே இருங்கள். கைபேசி, பணம், கடவுச்சீட்டு நகல், ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு டியூப், பம்பு ஆகியவை மட்டும் இருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். பிரிந்துபோனால் கடைசியாகச் சேர்ந்து நின்ற இடத்துக்குத் திரும்புவது என்று முதல் நாளே பேசிவையுங்கள்.

7. டோனாவேஷிங்கன் போய்ச் சேருவது

அருகிலுள்ள பெரிய விமான நிலையங்கள் சூரிச்சும் ஸ்டுட்கார்ட்டும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஓஃபன்பூர்க் வழியாகக் கறுப்புக் காட்டு ரயிலிலும் வரலாம். ஜெர்மன் விசாவோடு சூரிச்சில் இறங்குவது தவறில்லை. ஆனால் எல்லை அலுவலர் கேட்டால் காட்ட ரயில் சீட்டும் பயண அட்டவணையும் கையில் இருக்கட்டும்.

பெட்டியோடு ரயில் ஏறப் பார்க்காதீர்கள். விமான நிலையத்திலேயே சைக்கிளைத் திரும்பப் பொருத்தி, அட்டையைக் குப்பைக்கான இடத்தில் சேர்த்துவிடுங்கள். ஐ.சி.இ, ஐ.சி. போன்ற தொலைதூர ரயில்களில் சைக்கிளுக்குச் சீட்டும் இட முன்பதிவும் கட்டாயம். இரண்டு சைக்கிளுக்கும் ஒரே வண்டியில் இடம் வேண்டுமென்றால் வாரக்கணக்கில் முன்பே எடுங்கள். வட்டார ரயிலில் முன்பதிவு இல்லை, இடமிருந்தால் ஏறலாம். காலை அலுவலக நேரத்தைத் தவிருங்கள். ஜெர்மனியின் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் ஆளுக்கு மட்டும், சைக்கிளுக்குச் செல்லாது.

வாகனங்கள் வலப்பக்கம் ஓடும். நேர்ச்சாலையில் எவரும் தவறுவதில்லை. முகாமிலிருந்து காலையில் வெளியே வரும் முதல் திருப்பத்திலும் ஆளில்லாத கிராமச் சாலையிலும்தான் பழக்கம் இழுத்துக்கொண்டு இடப்பக்கம் போகும். ஜெர்மனியில் அடையாளப்பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அவர் சிறு தெருவிலிருந்து வந்தாலும் சரி. கையில் கைபேசி பிடித்து ஓட்டினால் அபராதம் 55 யூரோ.

8. பாதையில் கவனம் வேண்டிய இடங்கள்

யூரோவேலோ 6 என்ற ஐரோப்பிய நெடுந்தூர சைக்கிள் தடத்தின் பலகைகளும் உள்நாட்டு டான்யூப் பாதைப் பலகைகளும் சேர்ந்தே வழிகாட்டும். பலகையை மட்டும் நம்பாமல் பாதையைக் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பை இணையமின்றி இயங்கும் வரைபடச் செயலியில் ஏற்றிவையுங்கள். 'உம்லைட்டுங்' என்ற மஞ்சள் பலகை மாற்றுப்பாதையைக் குறிக்கும். குறுக்கே புகுந்து போகலாம் என்று நினைத்தால் பாலம் இல்லாத இடத்தில் போய் நிற்பீர்கள்.

டோனாவேஷிங்கன் முதல் உல்ம் வரை சுமார் 200 கிலோமீட்டர். பியூரான், சிக்மரிங்கன் பக்கம் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே போகும் இந்தப் பகுதிதான் முழுத் தடத்திலும் அழகானது. குறுகிய செங்குத்து ஏற்றங்களும் இங்கேதான். இம்மெண்டிங்கன் அருகே கோடையில் நதி தரைக்குள் மறைந்து, வெறும் கூழாங்கல் படுகையாகிவிடும். பார்த்துவிட்டு வழி தவறிவிட்டோம் என்று திரும்பாதீர்கள்.

வெல்டன்பூர்க் மடத்திலிருந்து கெல்ஹைம் வரை நதி செங்குத்துப் பாறை இடுக்கில் ஓடுகிறது, கரையில் பாதையே இல்லை. சைக்கிளோடு படகில் ஏறுங்கள். வெள்ளத்திலும் நீர் வற்றியபோதும் படகு நின்றுவிடும், அப்போது குன்றின் மேல் ஏறித்தான் போக வேண்டும்.

பாசாவுக்குப் பிறகு ஷ்லோகன் வளைவில் இடக்கரைப் பாதை அறுந்துவிடும். சைக்கிள் படகு உண்டு, பகல் நேரத்தில் மட்டும், பருவத்தில் மட்டும். மாலை ஐந்துக்குப் பிறகு அங்கே போய்ச் சேரும்படி நாளை அமைக்காதீர்கள். மெல்க் முதல் கிரெம்ஸ் வரையிலான வாஹா பள்ளத்தாக்கில் வடகரையில் ஊர்களும் கூட்டமும் அதிகம், தென்கரை அமைதி. எங்கள் ஓட்டு தென்கரைக்கு. டியூர்ன்ஷ்டைன் பார்க்க ரோசட்ஸிலிருந்து படகில் கடந்துகொள்ளலாம்.

வியன்னாவைத் தாண்டியதும் ஹைன்பூர்க் திசையில் வெள்ளத்தடுப்புக் கரைமேல் நேராக நீளும் பாதை. நிழலும் இல்லை, கடையும் இல்லை. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீரோடு காலையிலேயே கடந்துவிடுங்கள். கொசுவும் இங்கே அதிகம்.

ஹங்கேரியில் பாதையின் தரம் மாறும். கொமாரோமுக்குப் பிறகு லாரிகள் ஓடும் சாலையைப் பல இடங்களில் பகிர வேண்டும். பாலம் கடந்து ஸ்லோவாக்கியக் கரையில் ஷ்டுரோவோ வரை போய், மரியா வலேரியா பாலத்தில் எஸ்டெர்கோமுக்குத் திரும்புவது நிம்மதி. விசெக்ராடில் படகேறி நாக்ய்மரோஷ் போனால் வாட்ஸ் வரை நல்ல சைக்கிள் பாதை கிடைக்கும்.

மழை நாள்களில் நதியின் மட்டத்தைத் தினமும் பாருங்கள். 2024 ஜூனில் தெற்கு ஜெர்மனியிலும் அதே ஆண்டு செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியாவிலும் வந்த வெள்ளங்கள் கரையோரப் பகுதிகளை மூழ்கடித்தன. நீர் ஏறும் அறிவிப்பு வந்தால் கரையோர முகாமை விட்டு மேட்டுக்குப் போங்கள், தேவைப்பட்டால் ரயிலில் ஒரு பகுதியைத் தாண்டுங்கள்.

9. முகாம் வாழ்க்கை

இருவர், ஒரு கூடாரம், இரண்டு சைக்கிள்: ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 20 முதல் 35 யூரோ, ஹங்கேரியில் 15 முதல் 25. உள்ளூர் வரி தனியாக வரலாம். குளிக்க 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள் வேண்டும். சிறு முகாம்களில் அட்டை எடுக்காது, 100 யூரோ ரொக்கம் எப்போதும் இருக்கட்டும். ஹங்கேரியில் ஃபோரின்ட், மற்ற மூன்று நாட்டிலும் யூரோ.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பல முகாம்களில் அலுவலகம் மூடியிருக்கும். இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது. படகுக் குழாம்கள் நடத்தும் சிறு முகாம்கள் மலிவு, சைக்கிள்காரர்களை நன்றாக நடத்துவார்கள். பாசாவில் இல்ஸ் ஆற்றோரம் கூடாரங்களுக்கு மட்டுமான முகாம் உண்டு. வார்ம்ஷவர்ஸ் இணையதளம் வழியாகச் சைக்கிள் பயணிகளை வீட்டில் தங்கவைப்பவர்களைத் தேடலாம். 1நைட் டென்ட் என்ற இணையதளம் வழியாக ஒரு இரவு கூடாரம் போட இடம் தருபவர்களும் கிடைப்பார்கள். காட்டில் அனுமதியின்றித் தங்குவதை விட்டுவிடுங்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலும் சட்டவிரோதம், வியன்னாவுக்குக் கிழக்கே உள்ளது தேசியப் பூங்கா.

நெட்டிலிங்கம் போல உயர்ந்து நிற்கும் பாப்லர் மரத்தடியில் கூடாரம் போடாதீர்கள், காற்றில் கிளை முறிந்து விழும். செருப்பையும் ஷூவையும் வெளியே விட்டால் காலையில் நத்தை இருக்கும்.

உண்ணி பெரிய விஷயம். பவேரியா, ஆஸ்திரியா, ஹங்கேரியில் அது மூளைக்காய்ச்சலையும் லைம் நோயையும் பரப்புகிறது. தினமும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதுமடலின் பின்புறம் என்று ஒருவரையொருவர் பாருங்கள். உண்ணி இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு வைக்காதீர்கள். கடித்த இடத்தில் சிவப்பு வளையம் விரிந்தால் மருத்துவரிடம் போங்கள். மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, பல தவணை என்பதால் மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அவசர எண் நான்கு நாட்டிலும் 112.

ஞாயிறன்று ஜெர்மனி, ஆஸ்திரியாவில் கடைகள் அடைப்பு. ரொட்டிக்கடை காலையில் சில மணி நேரம், பெரிய ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க் மட்டும் உண்டு. இயேசு விண்ணேற்றம், பெந்தெகொஸ்தே திங்கள், கார்ப்பஸ் கிறிஸ்டி மூன்றும் மே, ஜூனில் வரும் விடுமுறைகள். சனி மாலைக்குள் இரண்டு நாள் சாமான் வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், 'கைன் டிரிங்க்வாசர்' என்று எழுதியிருந்தால் கூடாது. பிளாஸ்டிக் புட்டிக்கும் டின்னுக்கும் வைப்புத்தொகை பிடிப்பார்கள்: ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 25 சென்ட், ஸ்லோவாக்கியாவில் 15 சென்ட், ஹங்கேரியில் 50 ஃபோரின்ட். எல்லை தாண்டும் முன் அந்தந்த நாட்டிலேயே திருப்பிக் கொடுங்கள்.

10. செலவு

இருவருக்கு, விமானச்சீட்டும் கருவிகளும் நீங்கலாக:

- விசா 180 யூரோ, சேவைக் கட்டணம் தனி
- முகாம், உணவு, சில்லறை: நாளுக்கு 65 வீதம் 28 நாளுக்கு 1,820
- இரண்டு சைக்கிளுக்கு விமானக் கட்டணம், போக வர: சுமார் 400
- ரயில், படகு: 150
- பழுது, மழைக்கு விடுதி என்று கைவசம்: 300

மொத்தம் 2,850 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 2 லட்சத்து 85 ஆயிரம், காப்பீடு சேராமல்.

11. திரும்பும் நாள்கள்

புடாபெஸ்டில் இரண்டு முழு நாள்கள் விடுங்கள். சேர்ந்த அன்றே சைக்கிள் கடைகளில் இரண்டு அட்டைப்பெட்டிகள் கேளுங்கள். வார இறுதிக்கு முன் கேட்டால்தான் கிடைக்கும், பல கடைகள் பழைய அட்டையை உடனே அகற்றிவிடுகின்றன. வியன்னாவிலிருந்து விமானம் என்றால் ரெயில்ஜெட் ரயிலில் சைக்கிள் இடம் மிகக் குறைவு, புறப்படும் முன்பே பதிவு செய்யுங்கள்.

டயரிலும் கூடாரத்திலும் ஒட்டிய மண்ணைக் கழுவிக் காயவையுங்கள். மிச்ச எரிவாயுவை முகாமின் பொது அலமாரியில் வைத்துவிடுங்கள். பெடல் கழற்றும் சாவியைக் கடைசிவரை வெளியே வையுங்கள், பெட்டியை ஒட்டிய பிறகு தேடுவது வழக்கம். பெட்டியில் இருவரின் பெயரும் கைபேசி எண்ணும் இரண்டு பக்கமும் எழுதுங்கள். சுங்கத்தின் ஏற்றுமதிச் சான்று கைப்பையில் இருக்க வேண்டும், சைக்கிள் பெட்டிக்குள் வைத்துவிட்டால் சென்னையில் இறங்கியதும் அதிகாரி முன் பெட்டியைக் கிழிக்க வேண்டிவரும்.